7,200 குப்பிகள், இரண்டு பிரீசர்கள்: பதிவேடா, எக்செலா, பார்கோட் மென்பொருளா?

திருகோணமலையில் ஓர் ஆய்வுக்குழு −80 பாகை பிரீசரை இறக்கி வைத்ததும் கேட்கும் முதல் கேள்வி, "மாதிரிக் குப்பிகளின் கணக்கு வைக்க எந்த மென்பொருள் நல்லது?" என்பதுதான். அதற்கு முன் வேறு சில கேள்விகள் இருக்கின்றன. குறிப்பிட்ட ஒரு குப்பி வேண்டும் என்றால், கதவை ஒரு நிமிடத்துக்கு மேல் திறந்து வைக்காமல் அதை எடுக்க முடியுமா? அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? எத்தனை தரம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது? இரத்தம் தந்தவர் எந்தெந்தச் சோதனைக்குச் சம்மதித்தார்? குப்பியை உள்ளே வைத்த எம்.எல்.ரி. (ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்) இடமாற்றம் பெற்றுப் போன பிறகும் இதற்கெல்லாம் பதில் கிடைக்க வேண்டும். பதிவேடு, எக்செல், பார்கோட் தரவுத்தளம், வானொலி அலையால் வாசிக்கும் ஆர்.எஃப்.ஐ.டி. பட்டி என்ற நான்கு வழிகளையும் இந்தக் கேள்விகளை வைத்தே இங்கே ஒப்பிடுகிறோம்.

அளவு தெரியாமல் ஒப்பிட முடியாது. ஆகவே ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கந்தளாய், மூதூர், குச்சவெளிப் பக்கங்களிலிருந்து 600 பேரைச் சேர்க்கும் சிறுநீரக நோய் ஆய்வு. ஒவ்வொருவரும் இரண்டு தரம் வருகிறார். ஒவ்வொரு வருகையிலும் பிளாஸ்மா 3 குப்பி, வெள்ளையணுப் படலம் 1, சிறுநீர் 2. மொத்தம் 7,200 குப்பிகள். 9×9 பெட்டியில் 81 குழிகள். பிளாஸ்மாவுக்கு 45 பெட்டி, வெள்ளையணுவுக்கு 15, சிறுநீருக்கு 30 என்று 90 பெட்டிகள் வேண்டும். ஐந்து தட்டும், தட்டுக்கு நான்கு இறாக்கையும், இறாக்கைக்கு 20 பெட்டியும் கொள்ளும் பிரீசரில் 400 பெட்டி வைக்கலாம். இடத்துக்குப் பஞ்சமில்லை. தேடுவதில்தான் சிக்கல்.

ஊரின் நிலைமையும் கணக்கில் வரவேண்டும். கடற்காற்றின் ஈரம் காரணமாகக் கதவைத் திறக்கும் ஒவ்வொரு தரமும் உள்ளே வெண்பனி படியும். லேபலை மறைப்பது அந்தப் பனிதான். மாரியில் இடிமின்னலோடு கரண்டும் போகும். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. ஜெனரேட்டர் பிரீசரைக் காப்பாற்றலாம், ஆனால் இணையம் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பழுதான லேபல் பிரிண்டருக்கு ஆள் பெரும்பாலும் கொழும்பிலிருந்து, 250 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வரவேண்டும்.

முதலில் முகவரி

எந்த வழியைத் தேர்ந்தாலும் குப்பிக்கு ஒரு முகவரி வேண்டும்: பிரீசர், தட்டு, இறாக்கை, பெட்டி, குழி. குழிக்கு எழுத்தும் எண்ணும் கலந்து பெயர் வைப்பதைவிட 1 முதல் 81 வரை ஒரே எண் வரிசை நல்லது. ஒன்பது வரிசைக்கு ஆங்கில எழுத்து வைத்தால் கடைசி வரிசை 'ஐ' ஆகிவிடும். கையெழுத்தில் அதற்கும் 1க்கும் வித்தியாசம் தெரியாது.

பெட்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதும் முகவரியின் ஒரு பகுதி. மூடியைக் கழற்றி மாற்றி மூடினாலோ, பெட்டியைத் திருப்பி வைத்தாலோ, 1ஆம் குழி 81ஆம் குழி ஆகிவிடும். நடுவில் உள்ள 41 மட்டும் இருந்த இடத்தில் இருக்கும், மற்ற 80 குப்பிகளும் வேறொருவருடையவை ஆகிவிடும். குப்பியில் வாசிக்கக்கூடிய எண் இல்லை என்றால் இதை யாருமே கண்டுபிடிக்க முடியாது. பரிசோதனை முடிவும் வந்துவிடும், பிழையான ஆளின் பெயரில். ஆகவே 1ஆம் குழி உள்ள மூலையில், மூடியில் அல்லாமல் பெட்டியின் உடம்பில், அழியாத மையால் அடையாளம் இடுங்கள். அட்டைப் பெட்டி என்றால் அந்த மூலையைச் சற்று வெட்டிவிடலாம். கையுறையோடு தடவினாலும் தெரியும்.

ஒருவரின் மூன்று பிளாஸ்மா குப்பிகளையும் ஒரே பெட்டியில் அடுத்தடுத்து வைப்பது அழகாகத்தான் இருக்கும். அப்படி வைக்காதீர்கள். முதலாவதும் இரண்டாவதும் ஒரு பிரீசரிலும் மூன்றாவது இன்னொன்றிலும் இருந்தால், ஒரு கம்பிரசர் செத்தாலும் அந்த ஆள் ஆய்விலிருந்து தொலைந்துபோக மாட்டார். முடிந்தால் இரண்டாவது பிரீசர் வேறு கட்டடத்தில், வேறு மின்வழியில் இருக்கட்டும்.

பதிவேடு

கோடு போட்ட பெரிய கொப்பியை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். கரண்ட் இல்லாதபோதும் அது வேலை செய்யும். யார், எப்போது, எதற்காக எடுத்தார் என்று கையொப்பத்தோடு இருக்கும். பக்கத்தை யாராவது கிழித்தால் தடம் தெரியும். சில நூறு குப்பிகள், ஒரே பிரீசர், ஒரே ஆள் என்றால் இது போதும்.

எங்கே உடைகிறது என்றால், குப்பி இடம் மாறும்போது. பாதி காலியான இரண்டு பெட்டிகளை ஒன்றாக்கினால் பழைய வரிகளை வெட்டிப் புதிதாக எழுத வேண்டும். பிரீசர் அலாரம் அடிக்கும் அவசரத்தில் மாற்றினால் அதை யாரும் எழுத மாட்டார்கள். அடுத்த குறை, தேட முடியாமை. "இரண்டாம் வருகையில் பிளாஸ்மா மிச்சம் உள்ள, மரபணுச் சோதனைக்குச் சம்மதித்த பெண்கள்" என்று கேட்டால் கொப்பியிலிருந்து பதில் எடுக்க நாட்கணக்காகும். பிரதி ஒன்றே ஒன்று என்பதும் பயத்துக்குரியது. வாரம் ஒருமுறை புதிய பக்கங்களைப் படம் எடுத்து வையுங்கள்.

எந்த மென்பொருளை வாங்கினாலும் எடுத்தல் வைத்தல் பதிவேடு மட்டும் பிரீசருக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்க வேண்டும். திகதி, நேரம், குப்பி எண், எடுத்தவர், திரும்பி வந்ததா என்று ஐந்து நிரல்கள் போதும். கணினி நின்ற நாட்களைப் பிறகு நிரப்ப அது ஒன்றுதான் வழி.

எக்செல்

பெரும்பாலான இடங்களில் உண்மையில் இருப்பது இதுதான். காசு இல்லை, எல்லாருக்கும் தெரியும், தேடலாம், வடிகட்டலாம். ஆனால் எக்செல் சத்தமில்லாமல் பிழை விடும். பார்த்தவுடன் பிழை என்று தெரிவதும் இல்லை.

குழியை "3-5" என்று எழுதினால் அதைத் திகதி ஆக்கிவிடும். "000481" என்பதன் முன்னால் உள்ள பூச்சியங்களை விழுங்கிவிடும். இலக்கங்களுக்கு நடுவே 'ஈ' என்ற ஆங்கில எழுத்து வரும் 2ஈ5 போன்ற குறியீட்டை 200,000 என்று வாசிக்கும். 15 இலக்கங்களுக்கு மேல் போனால் மீதியைப் பூச்சியமாக்கும். இது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால், மரபணுக்களின் பெயர்களையே 2020இல் மாற்ற வேண்டி வந்ததை நினைவூட்டுங்கள்: மார்ச்1, செப்ட்1 என்ற பெயர்களை எக்செல் திகதி ஆக்கிக்கொண்டிருந்ததால் அவை மார்ச்எஃப்1, செப்டின்1 ஆயின. அதே ஆண்டு ஒக்டோபரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு 15,841 கோவிட் தொற்றாளர்களை உரிய நேரத்தில் பதியத் தவறியது. பழைய வகைக் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை என்பதுதான் காரணம்.

எல்லாவற்றிலும் மோசமானது வரிசைப்படுத்தல். ஒரு நிரலை மட்டும் தெரிவுசெய்து வரிசைப்படுத்தினால் அந்த நிரல் மட்டும் இடம் மாறும். 7,200 குப்பிகளும் ஒரே சொடுக்கில் ஆள் மாறிவிடும். சேமித்து மூடிவிட்டால் திரும்பவும் வழியில்லை.

எக்செலில்தான் நிற்கப் போகிறீர்கள் என்றால் இவற்றைக் கட்டாயமாக்குங்கள். ஓர் ஆளுக்கு ஒரு வரி அல்ல, ஒரு குப்பிக்கு ஒரு வரி. தரவு இடுவதற்கு முன்பே எண், முகவரி நிரல்களை எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றினால் விழுங்கிய பூச்சியம் திரும்பி வராது. முழுத் தரவையும் 'டேபிள்' ஆக்குங்கள், அப்போது வரிகள் பிரியாமல் சேர்ந்தே நகரும். ஒரே முகவரி இரு தடவை வந்தால் சிவப்பாகும்படி விதி போடுங்கள். தீர்ந்த குப்பியின் வரியை அழிக்க வேண்டாம், நிலை நிரலில் "தீர்ந்தது" என்று குறியுங்கள். எழுதும் உரிமை ஒருவருக்கு மட்டும், மற்றவர்களுக்கு வாசிப்பு மட்டும். "கடைசி", "கடைசி2", "சரியான கடைசி" என்று மூன்று கோப்புகள் உலாவத் தொடங்கிய நாள் எக்செலை விட்டு வெளியேற வேண்டிய நாள். எங்கள் கணிப்பில் 2,000 குப்பிகளுக்கு மேல், அல்லது இரண்டு பேருக்கு மேல் எழுதும் நிலையில், இது தாங்காது.

பார்கோடும் தரவுத்தளமும்

நமது 7,200 குப்பிகளுக்கு இதுதான் பொருத்தம். ஆனால் பணத்தை எதில் முதலில் போடுவது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். மென்பொருளை நாளை மாற்றலாம், பிரீசருக்குள் கழன்று விழுந்த லேபலை யாராலும் மறுபடி ஒட்ட முடியாது. ஆகவே முதற் செலவு லேபலுக்கும் பிரிண்டருக்கும்.

சாதாரணக் காகித ஸ்டிக்கர் −80இல் பசை இறுகிச் சுருண்டு விழும். கடை ரசீது போல வெப்பத்தில் நேரடியாகக் கறுக்கும் தாளில் எழுத்து காலப்போக்கில் மங்கும், ஸ்பிரிட் பட்டாலும் கெடும். வேண்டியது ஆழ்குளிருக்கென்று செய்த பொலிபுரொப்பிலீன் அல்லது நைலோன் லேபல், ரெசின் ரிப்பன், ரிப்பன் வெப்பத்தால் அச்சிடும் பிரிண்டர். குப்பி உலர்ந்து, அறை வெப்பத்தில் இருக்கும்போது ஒட்டி, ஒரு நாள் விட்டு உறைய வையுங்கள். ஏற்கனவே உறைந்த குப்பியில் பனியைத் துடைத்து ஒட்டினால் சாதாரண லேபல் நிற்காது. அதற்கென்று தனிப் பசையுள்ள லேபல் உண்டு, விலை கூட. முனை முனையோடு மேலேறும்படி சுற்றி ஒட்டுங்கள், பசை பிளாஸ்ரிக்கைவிடத் தன்மேல் தானே நன்றாகப் பிடிக்கும்.

குறியீடு கோடுகளால் ஆனதா, கட்டங்களால் ஆனதா? 2 மில்லிலீற்றர் குப்பியின் குறுக்களவு ஏறக்குறைய 12.5 மில்லிமீற்றர். கோடுகளைக் குப்பியைச் சுற்றி வளைத்து அச்சிட்டால் பாதி பின்பக்கம் போய்விடும், ஸ்கேனர் வாசிக்காது. ஏணிப்படி போல நெடுக்காக அச்சிட வேண்டும், அதற்கு நீளம் பற்றாது. டேட்டா மேட்ரிக்ஸ் என்ற சதுரக் கட்டக் குறியீடு 16×16 கட்டத்துக்குள் 24 இலக்கங்களைக் கொள்ளும். அதற்குள் பிழைதிருத்தம் இருப்பதால் ஒரு மூலையில் பனி படிந்தாலும், சிறு கீறல் விழுந்தாலும் வாசிக்க வாய்ப்பு உண்டு. இதையே எடுங்கள். பக்கத்தில் கண்ணால் வாசிக்கும் எண்ணும் இருக்கட்டும்.

அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் இருக்கக்கூடாது. அடையாள அட்டை எண்ணைப் போடுவது வசதி என்று சிலர் நினைக்கிறார்கள். நமது அடையாள அட்டை எண்ணிலேயே பிறந்த ஆண்டும், ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கிறது, பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். குப்பியைப் பார்க்கும் எவருக்கும் வயதும் பாலினமும் தெரிந்துவிடும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்பு வகையாகப் பார்க்கிறது. பெயரையும் நம்ப முடியாது. தகப்பன் பெயர் முன்னால் ஒரு படிவத்தில், பின்னால் இன்னொன்றில். ஆங்கில எழுத்துக்கூட்டல் கிளினிக் ஒவ்வொன்றிலும் வேறு. ஆளையும் எண்ணையும் இணைக்கும் பட்டியல் தனிக் கோப்பாக, தனிக் கடவுச்சொல்லோடு, ஆய்வுப் பொறுப்பாளரிடம் இருக்க வேண்டும்.

எண்ணின் கடைசி இலக்கத்தைச் சரிபார்ப்பு இலக்கமாக வையுங்கள். வங்கி அட்டைகளில் உள்ள லூன் முறை போதும். 481207 என்ற எண்ணுக்கு வலப்பக்கத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டித்து, இரட்டித்தது 9ஐத் தாண்டினால் 9ஐக் கழித்து, எல்லாம் கூட்டினால் 21. அடுத்த பத்தின் மடங்குக்கு 9 குறைவு. ஆகவே முழு எண் 4812079. ஸ்கேனர் பழுதாகி யாராவது கையால் 4812709 என்று அடித்தால், கூட்டுத்தொகை 23, வரவேண்டிய இலக்கம் 7, இருப்பது 9. மென்பொருள் ஏற்க மறுக்கும். எண் பூச்சியத்தில் தொடங்காமல் இருந்தால், பின்னர் எக்செலுக்கு ஏற்றுமதி செய்யும்போதும் ஆபத்தில்லை.

அடியில் லேசரால் குறியீடு பொறித்த குப்பிகளும் கிடைக்கின்றன. 96 குப்பி கொண்ட இறாக்கையை ஸ்கேனர் மேல் வைத்தால் சில விநாடிகளில் முழுவதும் வாசித்துவிடும், லேபல் கழலும் பயமே இல்லை. ஆனால் குப்பியும் விலை, ஸ்கேனரும் விலை, தீர்ந்தால் இறக்குமதி செய்து காத்திருக்க வேண்டும். ஆண்டுக்குப் பல பத்தாயிரம் குப்பி சேர்க்கும் இடத்துக்கு இது சரி, 7,200க்கு வேண்டாம்.

மென்பொருளில் மூன்று வகை. கட்டணமில்லாத திறந்தமூலப் பதிப்பு உள்ள ஓபன்ஸ்பெசிமன்: கேடிஷ்யூ என்ற பழைய மென்பொருளின் வழிவந்தது. பெட்டி வரைபடம், எந்த ரியூப்பிலிருந்து எந்தக் குப்பிகள் பிரிந்தன என்ற தாய் பிள்ளை உறவு, சம்மத விவரம் எல்லாம் உண்டு. ஜாவா, மைஎஸ்கியூஎல் தெரிந்த ஒருவர் வேண்டும். பயோபாப் லிம்ஸ் தென்னாபிரிக்காவின் வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்தில் உருவானது, வளங்குறைந்த ஆய்வுகூடங்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. ஆனால் அது தங்கியிருக்கும் பைத்தன், புளோன் என்ற மென்பொருள் அடுக்கைப் பராமரிக்க ஆள் தேடுவது கடினம். வணிக மென்பொருள்கள் வசதியானவை, ஆனால் ஆண்டுக் கட்டணம் டொலரில். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறியபோது என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் பாருங்கள். மூன்றாண்டு நிதியில் நடக்கும் ஆய்வு, நாலாம் ஆண்டு உரிமம் புதுப்பிக்க முடியாமல் தன் மாதிரிகளின் பட்டியலையே இழக்கக் கூடாது. ஆய்வுத் தரவு சேகரிக்கும் ரெட்கேப் என்ற மென்பொருள் கேள்விக்கொத்துக்கு அருமையானது, ஆனால் குழி வரைபடத்தை அதில் கட்டுவது வலிந்து செய்யும் வேலை. அதைத் தரவுக்கும், ஓபன்ஸ்பெசிமனைக் குப்பிக்கும் வைத்து, குப்பி எண்ணால் இணையுங்கள்.

மென்பொருளை இணையத்தில் உள்ள மேகக் கணினியில் அல்லாமல் கட்டடத்துக்குள் ஒரு சிறிய கணினியில் ஓட்டுங்கள். யூ.பி.எஸ். ஒன்றும் மடிக்கணினி ஒன்றும் இருந்தால் இணையம் போனாலும் வேலை நடக்கும்.

ஆர்.எஃப்.ஐ.டி. பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெட்டியைத் திறக்காமலே வாசிக்கலாம் என்பது கவர்ச்சி. உலோக இறாக்கை அலையைத் தடுக்கிறது, 860 முதல் 960 மெகாஹேர்ட்ஸ் வகையை நீர் உறிஞ்சுகிறது, ஈரமான பனி படிந்த பெட்டியில் வாசிப்பு தவறும். குப்பி தோறும் ஒட்ட லேபலைவிடப் பல மடங்கு செலவு. இந்த அளவுக்கு விட்டுவிடலாம்.

பிழை நடக்கும் நிமிடம்

எந்த முறையிலும் பெரும் பிழை பிரீசருக்குள் நடப்பதில்லை, பிளாஸ்மாவைப் பிரிக்கும் மேசையில் நடக்கிறது. இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. ரியூப்கள் பன்னிரண்டு சென்ரிபியூஜிலிருந்து ஒன்றாக வெளியே வரும்போது, எதிரே 36 வெற்றுக் குப்பிகள் இருந்தால், தொலைபேசி ஒன்று அடித்தால் போதும், வரிசை ஒன்று தள்ளிப்போகும். ஆளுக்கொரு சிறு தாங்கியில் அவரது தாய் ரியூப்பும், அவருக்கென்று முன்கூட்டி லேபல் ஒட்டிய குப்பிகளும் மட்டும் இருக்கட்டும். தாயை ஸ்கேன் செய், பிள்ளைகளை ஸ்கேன் செய், பிறகு பிப்பெட்டைத் தொடு. ஒருவர் முடிந்த பின்னே அடுத்த தாங்கி. இரத்தம் எடுத்த நேரம், சுழற்றிய நேரம், உறைந்த நேரம் மூன்றும் பதிவாக வேண்டும். பின்னர் அந்தப் பிளாஸ்மா எந்தச் சோதனைக்குத் தகும் என்று தீர்மானிப்பது அந்த இடைவெளிகள். மாதிரியை எடுத்த, பதப்படுத்திய விதத்தைச் சுருக்கிச் சொல்லும் ஸ்ப்ரெக் என்ற ஏழு கூறுக் குறியீட்டை முதலிலிருந்தே ஒரு நிரலாக வைத்தால் மற்ற ஆய்வுகளோடு ஒப்பிடலாம்.

பெட்டியை வெளியே எடுத்து ஸ்கேன் செய்வதும் அபாயமான நேரம். அரை மில்லிலீற்றர் பிளாஸ்மா இந்த ஊர் வெப்பத்தில் சில நிமிடங்களில் உருகத் தொடங்கும். உலர்பனி கைவசம் இல்லாதபோது, இரவு முழுவதும் −80இல் கிடந்த தடித்த அலுமினியத் தட்டை வெளியே எடுத்து அதன் மேல் பெட்டியை வையுங்கள். மூடியைத் திறந்து, குப்பியைத் தூக்கி, உலர்ந்த துடைதாளால் ஒரு தரம் துடைத்து, ஸ்கேன் செய்து, அதே குழியில் இறக்குங்கள். ஸ்பிரிட்டால் துடைத்தால் மார்க்கர் மை கரையும். ஒரு பெட்டிக்கு மேல் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டாம்.

எக்செலிலிருந்து மாறுவது

முழுவதையும் ஒரே வாரத்தில் மாற்ற முனைந்தால் வேலை பாதியில் நிற்கும். புதிதாக வரும் குப்பிகளை இன்றிலிருந்தே புது முறையில் வையுங்கள். பழையவற்றில், யாராவது குப்பி கேட்கும் பெட்டியை எடுக்கும்போதே சரிபார்த்து உள்ளிடுங்கள். மீதியை வாரம் இரண்டு பெட்டி என்று முடியுங்கள். 90 பெட்டியும் ஓராண்டுக்குள் அடங்கும். பட்டியலில் இருந்து பெட்டியில் இல்லாதவை, பெட்டியில் இருந்து பட்டியலில் இல்லாதவை என்று இரண்டு தனிப் பட்டியல்கள் எழுதுங்கள். அனுமானத்தில் எண்ணை ஒட்டிவிடாதீர்கள். எண் வாசிக்க முடியாத குப்பிக்கு "அனாதை" என்று ஒரு பெட்டி ஒதுக்கி, கிடைத்த குழியின் முகவரியோடு வையுங்கள். பக்கத்துக் குழிகளின் வரிசையிலிருந்து சிலவேளை அடையாளம் தெரியவரும்.

மாறிய பின் மாதம் ஒருமுறை மூன்று பெட்டிகளைச் சீட்டுக் குலுக்கி எடுத்து முழுவதும் ஸ்கேன் செய்யுங்கள். ஒரு குப்பி இடம் பிழைத்திருந்தால் அந்த இறாக்கை முழுவதையும் பாருங்கள். ஒருவர் சம்மதத்தை விலக்கிக்கொண்டால் அவரது எண்ணைத் தட்டினால் இரண்டு பிரீசரிலும் உள்ள பன்னிரண்டு குப்பிகளும் வர வேண்டும். இதை ஒரு பொய் எண்ணை வைத்து ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை தரவுத்தளத்தை இரண்டு யூ.எஸ்.பி.யில், கடவுச்சொல்லிட்டு, எடுத்து ஒன்றை வேறு கட்டடத்துக்கு அனுப்புங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து வேறொரு கணினியில் மீட்டெடுத்துப் பாருங்கள். ஒக்டோபர் பிறந்து மழை தொடங்கும்போது 90 பெட்டிகளின் வரைபடத்தையும் அச்சிட்டு, பிளாஸ்ரிக் உறையிலிட்டு, ஒவ்வொரு பிரீசரின் பக்கச் சுவரிலும் மாட்டுங்கள். கரண்ட் இல்லாத இரவில் டோர்ச் வெளிச்சத்தில் வாசிக்கும் அளவுக்கு எழுத்து பெரிதாக இருக்கட்டும்.